அணைத்துவிட்டால் அபாயம் தீர்ந்ததா?

சிறுநீர்ப்பை தன் வசத்தில் இல்லாதவர்கள் படும் உபாதை வெளியே சொல்லக் கூசும் உபாதையாகையால், அதற்கு வைத்திய சாஸ்திரம் கண்டிருக்கும் உபாயங்களும் ஜனங்களிடையே அதிகமாகப் பேசப்படுவதில்லை. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் துவாரத்தின் வழியே மெல்லிய மின்கம்பியொன்றைச் செலுத்தி, அங்கே மூன்றாம் நரம்பின் அருகில் நிறுத்தி, பிருஷ்டத்தின் மேற்புறத்தில் தோலுக்கடியில் பதித்த சிறு கருவியோடு இணைத்து, அதிலிருந்து வரும் மின்துடிப்புகளால் சிறுநீர்ப்பையின் ஒழுங்கை மீட்கும் முறை, சான் பிரான்சிஸ்கோவில் எமில் தனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் ஆகியோர் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்து, 1997-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது.

இக்கருவி முதியோருக்கு மட்டும் உரியதன்று. லண்டனில் கிளேர் ஃபவுலர் என்னும் வைத்தியர் 1980-களில் விவரித்ததும், இன்று அவர் பெயராலேயே வழங்குவதுமான வியாதி ஒன்றில், சிறுநீர் வழியைக் காக்கும் தசை தளர மறுப்பதால், நரம்பிலோ முதுகெலும்பிலோ வேறு கோளாறு எதுவுமில்லாத இளம் பெண்கள் சிறுநீர் கழிக்கவே இயலாமல் தவிக்கிறார்கள். குழாயைச் செருகித்தான் வெளியேற்ற வேண்டும் என்றிருந்த அவர்களுள் பலருக்கு இயல்பான கழிவைத் திருப்பித் தந்தது இந்த மின்கருவியே. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குக் கருவியைப் பொருத்திவிட்டு, அவர்கள் கர்ப்பம் தரிக்கும்போது திகைத்து நிற்பது விசித்திரந்தான்.

கர்ப்பத்தில் இதன் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்று உற்பத்தியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கர்ப்பம் தெரிந்தவுடன் அணைத்துவிடுங்கள் என்பதே வைத்தியர்கள் வழக்கமாகக் கூறும் யோசனை. கர்ப்பப்பைக்கு அருகே ஓடும் மின்சாரம் அதைச் சுருங்கச் செய்யுமோ, அவயவங்கள் உருவாகும் முதல் மாதங்களில் சிசுவைப் பாதிக்குமோ என்னும் அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் இதுவரை வெளிவந்துள்ள சொற்ப விவரங்களில் கருவியால்தான் கேடு விளைந்தது என்று நிறுவப்பட்டதில்லை என்பதையும், நிம்மதி கொள்ள அந்த விவரங்கள் போதா என்பதையும் ஒருங்கே சொல்ல வேண்டும்.

என் ஆட்சேபம் வேறு. அணைப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சமம் என்று பாவிக்கிறோமே, அது தவறு. கருவி ஓய்ந்ததும் சிறுநீர் மீண்டும் தேங்க, நாளொன்றுக்குப் பல தடவை குழாய் செருக வேண்டியவளுக்குக் கிருமித் தொற்று எளிதில் வரும். கர்ப்பத்தில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழல்கள் விரிந்து தளர்ந்திருப்பதால் அத்தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கவும், அதன் விளைவாகக் காலத்துக்கு முன்பே பிரசவ வலி காணவும் கூடும். நிரூபணமில்லாத அபாயத்துக்கு அஞ்சி, நன்கு தெரிந்த அபாயத்தை வலிய அழைப்பது எல்லோருக்கும் பொருந்தும் விவேகமாகாது. அணைத்ததனால் வரும் தொல்லை கர்ப்பத்துக்கே ஊறு செய்யுமானால் மீண்டும் இயக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இத்துறை நிபுணர்களின் வழிகாட்டுதலும் இடம் விடுகிறது. அவசரத்துக்காக ஓடும் பெண்ணுக்கும், சொட்டும் கழிக்க முடியாத பெண்ணுக்கும் ஒரே உத்தரவு எப்படிப் பொருந்தும்?

பிரசவத்தைப் பொறுத்தவரை, கருவி ஒன்றைக் காரணங்காட்டிச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. அறுவை நேர்ந்தால் மின்சாரத்தால் இரத்தத்தை அடைக்கும் சாதனத்தை உபயோகிக்குமுன் கருவியை அணைத்திருக்க வேண்டும். முதுகில் ஊசி போடும் மயக்க மருந்து வைத்தியருக்குக் கம்பி எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். கம்பி இடம் பெயர்ந்து, பிற்பாடு கருவி முன்போல் பலனளிக்காமல் போகலாம் என்பதைத் தாய்க்கும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இவையெல்லாம் நள்ளிரவில் பிரசவ அறையில் முதன்முதலாகப் பேசும் விஷயங்களல்ல. கருவி பொருத்துமுன்பே சிறுநீரக வைத்தியர் இவற்றை எடுத்துரைத்து, கர்ப்பத்துக்கு ஆசைப்படும் காலத்தில் மகப்பேறு வைத்தியரையும் கூட்டி வைத்து, முடிவை அப்பெண்ணோடு சேர்ந்து எழுதி வைப்பதே முறை. எச்சரிக்கைச் சீட்டோடு தங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணும் கம்பெனிகளும், ஒவ்வொரு கருவிக்கும் தொடர் எண்ணிட்டு விற்கத் தெரிந்தவர்களாகையால், அக்கருவியோடு நிகழும் ஒவ்வொரு கர்ப்பத்தையும் அதன் முடிவையும் பதிந்து பகிரங்கப்படுத்தும்படி கட்டாயப்படுத்தப்பட வேண்டும்.