அடுப்பு எங்கே?

வீட்டில் பாஸ்தா செய்வது பெரிய வித்தை இல்லை. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் கொட்டி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவிட்டு வடிகட்டுங்கள். பூண்டு, வெங்காயம், தக்காளியை வதக்கி அதில் போட்டுப் புரட்டுங்கள். முடிந்தது! நம்ம சேமியாவுக்கு இத்தாலியில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன்தான் அது.

இதை நீங்கள் செல்போனில் வீடியோவாகவே பார்த்திருப்பீர்கள். அது ஐபோனாக இருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் பூட்டிக் கோத்ததாகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணால் இந்தப் பாஸ்தாவைச் செய்ய முடியுமா? பாக்கெட் கடையில் கிடைக்கும். அடுப்புக்கு எங்கே போவாள்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயசு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், தட்டில் என்ன விழுகிறதோ அதுதான் சாப்பாடு.

அந்தச் சாப்பாடு என்ன செய்யும் என்று 2021 டிசம்பரில் பார்த்தோம். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் 250க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உணவு நஞ்சானது. 159 பேர் ஆஸ்பத்திரியில். தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கே உறைத்தது. ஆய்வுக்குப் போன அதிகாரிகள் எலிகளையும் மோசமான வடிகாலையும் பார்த்து அந்தச் சமையலறையை மூடினார்கள். தொழிற்சாலை மறுபடி திறந்தது 2022 ஜனவரியில்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் எத்தனை படுக்கை என்று எண்ணுகிற நாம், எத்தனை அடுப்பு என்று எந்த விடுதியிலாவது கேட்டிருக்கிறோமா?

‘ஆளுக்கொரு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் ஒயர் எரிந்துபோகாதா சார்?’ என்பார்கள். போகும்தான். ஒரு அடுப்பே 2,000 வாட் வரை இழுக்கும். அதனால்தான் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை கேட்கிறேன். தனி ஒயரிங், நாலைந்து அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், தீயணைப்புக் கருவி. ஜெர்மனிக்குப் படிக்கப்போன உங்கள் பக்கத்து வீட்டுப் பையன், மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில்தான் சாம்பாரும் வைக்கிறான், பாஸ்தாவும் கிண்டுகிறான். படிக்கிற பையனுக்கு ஆகிறது, உழைக்கிற பெண்ணுக்கு ஆகாதா?

‘வேலை பார்த்துக் களைத்து வருகிறவளைச் சமைக்க வேறு சொல்கிறீரா?’ என்று கோபப்படாதீர்கள். விடுதிச் சாப்பாடு கட்டாயம் வேண்டும், சுத்தமாக வேண்டும். அடுப்பு அதற்குப் பதில் அல்ல, அதற்கும் மேலே. வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கான்ட்ராக்டருக்கும் கொஞ்சம் பயம் வரும். லீவு நாளில் அம்மா கைப்பக்குவத்தில் மீன் குழம்போ, வீடியோ பார்த்துப் பாஸ்தாவோ... அது அவள் இஷ்டம்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து உலகத்துக்கே போன் செய்து தரச் சொல்கிறோம். கரண்டியைக் கொடுக்க மட்டும் ஏன் யோசிக்கிறோம்?