தலையில்லாதவர்களுக்குக் கப்பம்!

ஒரு நூல் மிகப் பழையது, பெரிய பாஷையில் உள்ளது, எழுதியவர் மகா பண்டிதர் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கின்ற கனவான்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்து வந்திருக்கின்றார்கள். நம் நாட்டில் இந்த மரியாதை சமஸ்கிருதத்துக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் லத்தீனுக்குக் கிடைத்தது. அந்த லத்தீன் நூல்கள் தூர தேசத்து ஜனங்களுக்கு என்ன பெயர் கொடுத்தன, என்ன கதை கட்டின என்பதைச் சற்றுப் பார்த்தால் இந்த மரியாதையின் யோக்கியதை விளங்கும்.

அந்நியர்கள் எல்லோருக்கும் பொதுவாக ரோமர்கள் வைத்த பெயர் "பார்பாரஸ்" என்பது. இது கிரேக்கர்களிடம் இரவல் வாங்கியது. நம் பாஷை தெரியாதவன் பேச்செல்லாம் "பர் பர்" என்ற உளறல் என்பதே இதன் பிறப்பு. ("மிலேச்சன்" என்ற வடமொழிப் பட்டமும் இதே குடும்பம்தான்.) கேட்பவனுக்குப் புரியாதது பேசுகிறவன் குற்றமாயிற்று! இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேக்கர்கள் கணக்குப்படி ஆதியில் ரோமர்களே பார்பாரஸ்தான். பட்டம் வாங்கியவர்கள் அதை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சீன தேசத்தாரை ரோமர்கள் "ஸேரெஸ்", அதாவது பட்டு நாட்டார் என்றார்கள். ஆனால் அந்தப் பட்டு எங்கிருந்து வருகின்றது? மரத்து இலையில் படிந்திருக்கும் பஞ்சைத் தண்ணீர் தெளித்துச் சீவி எடுக்கின்றார்கள் என்று கி.பி. 77-இல் பிளினி என்னும் பண்டிதர் எழுதினார். இந்தியாவும் ஸேரெஸும் அரேபியாவும் வருஷந்தோறும் ரோமிலிருந்து 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகின்றன என்று அழுதவரும் அவரே. கொடுத்த காசுக்குக் கணக்கு இருக்கின்றது. வாங்கிய சரக்கு ஒரு புழு நூற்றது என்பது தெரியவில்லை! சீனர்களும் சளைத்தவர்களல்ல. ரோம ராஜ்யத்துப் பக்கம் ஆட்டுக்குட்டிகள் பூமியிலிருந்து முளைக்கின்றன என்று அவர்கள் சரித்திரத்தில் எழுதி வைத்தார்கள்.

இவையெல்லாம் சில்லறை. பிளெம்மியர் சங்கதியைக் கவனியுங்கள். எகிப்துக்குத் தெற்கே, நைல் நதிக்குக் கிழக்கிலுள்ள பாலைவனத்தில் வாழ்ந்த ஒரு ஜாதியார் இவர்கள். இவர்களுக்குத் தலையே கிடையாது, வாயும் கண்ணும் மார்பில் இருக்கின்றன என்று அதே பிளினி எழுதினார். அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், "இப்படிச் சொல்லப்படுகின்றது" என்ற பாவனையில்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் "சொல்லப்படுகின்றது" என்பதை விட்டுவிட்டு, மார்பிலிருந்த கண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்!

பிளெம்மியர்கள் உண்மையில் செய்தது என்ன? ரோமர் வசமிருந்த எகிப்தின் மேல் திரும்பத் திரும்பப் படையெடுத்தார்கள். அடக்க முடியாமல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கி.பி. 298 வாக்கில் எல்லையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கொள்ளையடிக்காமலிருக்க வருஷந்தோறும் இவ்வளவு பொன் தருகின்றேன் என்று ஏற்பாடு செய்தார். இதை எழுதி வைத்தவர் ப்ரொகோபியஸ் என்ற, அந்த ராஜ்யத்துச் சரித்திரக்காரரே. இவர்களுக்கு அரசர்கள் உண்டு. ஓர் அரசர் கிரேக்க பாஷையில் எழுதிய கடிதம் இன்றும் இருக்கின்றது. தலையில்லாதவன் கடிதம் எழுதுகின்றான். தலையுள்ள சக்கரவர்த்தி அவனுக்குப் பொன் அளக்கின்றார்! அப்படியிருந்தும் 1493-இல் ஜெர்மனியில் அச்சான பெரிய சரித்திரப் புத்தகத்தில் மார்பில் முகமுள்ள மனிதன் படமாகவே நிற்கின்றான். பிளினி எழுதி 1,400 வருஷமாகியும் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தார்கள்.

"சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பாட்டி கதைதானே" என்று சிலர் கேட்கலாம். நஷ்டத்தையும் சொல்லுகின்றோம்.

டாசிட்டஸ் என்ற ரோமர் கி.பி. 98-இல் "ஜெர்மானியா" என்று ஒரு சிறு நூல் எழுதினார். அங்கே போய்ப் பார்த்ததற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பெயரே புதிது, முதலில் ஒரு சிறு கூட்டத்துக்கு மாத்திரம் இருந்தது என்று அவரே சொல்லுகின்றார். ஜெர்மானியர்கள் இன்றும் தங்களை "டாய்ச்" என்கின்றார்களேயொழிய ஜெர்மானியர் என்பதில்லை. இந்த நூலில், அவர்கள் வேறு ஜாதியாருடன் கலக்காதவர்கள் என்று ஓர் அபிப்பிராயம் இருக்கின்றது. காரணம்? இவ்வளவு அவலட்சணமான, குளிரான தேசத்துக்கு யார்தான் குடியேறப் போவார்கள் என்பதுதான்!

இந்த யூகத்தைத்தான் நாஜிகள் ரத்த சுத்தத்துக்குச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1935-இல் யூதர்களோடு கல்யாணம் கூடாது என்று சட்டம் செய்தார்கள். பிறகு சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காரியம் நடந்துகொண்டிருந்த 1943-இல், இந்நூலின் பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடி ஹிம்லர் இத்தாலியில் ஒரு பிரபுவின் வீட்டுக்குச் சிப்பாய்களை அனுப்பினார். வீட்டைத் தலைகீழாக்கியும் பிரதி அகப்படவில்லை. அது இப்போது ரோம் நகரத்துப் புத்தகசாலையில் இருக்கின்றது.

அதே நூலில், இந்த ஜெர்மானியர்கள் இரவு பகலாகக் குடிக்கின்றவர்கள், சூதில் எல்லாம் தோற்றபின் தங்களையே பணயமாக வைத்து அடிமையாகின்றவர்கள் என்றும் எழுதியிருக்கின்றது. அந்தப் பக்கங்களை ஹிம்லர் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.