கவுன்சிலரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கட்சித் தேர்தலில் நாற்காலி பறந்தால் நம்மில் படித்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். காணொலியைப் பார்த்துவிட்டு, 'நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க' என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எனக்கு இந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. அப்படியொரு மண்டபத்துக்குள் போய் வாக்களித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு அந்த ஜனங்களிடம் இல்லை.

இங்கேயே படித்து, பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு கட்சியில் உறுப்பினரானேன். முதன்முறையாகத் தொகுதித் தேர்தலுக்குப் போனேன். காலையிலேயே டேவான் நிரம்பி வழிந்தது. வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள். பலருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. வாக்குப் பதியும் கருவிகள் நடுவில் நின்றுபோயின. "எனக்கு முன்னமே எவன்டா என் ஓட்டப் போட்டது?" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கூச்சல், தள்ளுமுள்ளு, பிறகு போலீஸ். இத்தனைக்கும் நடுவே ஒருவர் என் கையில் பெயர் எழுதிய சீட்டைத் திணித்தார்: "யோசிக்காத தம்பி, இதுல உள்ளபடி போட்டுரு."

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மூன்று மணி நேரமாக நிற்கிறார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "நம்ம ஆளு தொகுதியில ஜெயிச்சாத்தான் கவுன்சிலர் பதவி கேக்க முடியும். அவரு கவுன்சிலரானாத்தான் எங்க லோரோங் சாக்கடைக்கு ஒரு வழி பொறக்கும்."

நம் ஊராட்சி முறையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. சாக்கடை, தெருவிளக்கு, கடை லைசென்ஸ், குப்பை எல்லாம் நகராண்மைக் கழகத்தின் கையில். கழக உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. பெயர்களைக் கொடுப்பது கட்சி. ஆக, சாக்கடையை மனதில் வைத்து அந்த அம்மா ஓட்டுப் போட இருக்கும் ஒரே இடம் அந்த டேவான்தான். ஊருக்கே ஒரு குழாய் வைத்துவிட்டு, குழாயடியில் சண்டை போடுகிறார்கள் என்று சிரிப்பது என்ன நியாயம்?

நமக்கு வேறு குழாய் இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957இல் அது மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மோதல் 1966இல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. ம.இ.கா.வின் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அறிக்கை தந்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 15ஆம் பிரிவில், தேர்தலுக்கு முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது. பினாங்கு மீண்டும் நடத்த முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் இடம் தரவில்லை.

'தேர்தல் வந்தால் இனப் பதற்றம் வரும்' என்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறோமே, அங்கே வராத பதற்றம் சாக்கடைக்கா வரும்? நம்மவர்கள் சிலர் வேறு பயம் காட்டுகிறார்கள்: 'நாம சிறுபான்மை. நியமனத்துல கிடைக்கிற ரெண்டு எடமும் போயிடும்.' அந்த இரண்டு இடம் யாருக்குக் கடன்பட்டது என்று பாருங்கள். பட்டியலில் பெயர் சேர்த்தவருக்கு. கோயில் நிலத்துக்குப் பிரச்சினை வந்தால் அந்தக் கவுன்சிலர் முதலில் யார் முகத்தைப் பார்ப்பார்? சிறு வட்டாரத் தேர்தலில் ஒரு தாமானின் நூறு ஓட்டு வெற்றி தோல்வியை மாற்றும். சிறுபான்மைக்கு அந்தக் கணக்குதான் லாபம்.

தேர்தல் வந்தால் ரகளை ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டை இல்லாமல், யாருடைய வேனிலும் ஏறாமல், கையில் யாருடைய சீட்டும் இல்லாமல் தன் சாக்கடைக்காக ஓட்டுப் போடலாம். கவுன்சிலர் வேலை செய்யாவிட்டால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பலாம்.

அடுத்த பொதுத்தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் மானியம், அரிசிப் பை பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: 15ஆம் பிரிவை நீக்கக் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா? மழுப்பினால், அவருக்கும் அந்த ஒற்றைக் குழாய்தான் வசதி என்று புரிந்துகொள்ளுங்கள்.