மேகம் மூடிய கிரகணம்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு. அண்ணனூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் நால்வர் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். 9.57 மணிக்குப் பூமியின் கருநிழல் சந்திரனைத் தொடத் தொடங்கும் என்பது கணக்கு. தொட்டதா என்று தெரியவில்லை. வானம் முழுவதும் மேகம். ரயில் பணிமனை விளக்கொளி பட்டு வெளிறிக் கிடந்தது.

பக்கத்து மாடிக்காரர் எட்டிப்பார்த்தார். "சார், போன்லயே லைவ்வா காட்டறான். கொசுக்கடியில என்னத்தைப் பார்க்கப் போறீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் எங்களிடம் ஒரு மறுமொழி இருந்தது. அது வகுப்பறையில் கிடைத்தது.

குறளின் 'அலர் அறிவுறுத்தல்' அதிகாரத்தில் ஒரு தலைவி பேசுகிறாள். தான் காதலனைக் கண்டது ஒருநாள்தான்; ஊர்ப்பேச்சோ, நிலவைப் பாம்பு பற்றியதுபோல் எங்கும் பரவிவிட்டது என்கிறாள். பாம்பு விழுங்குதல் தொன்மக்கதை என்று உரைநூல்கள் விளக்கிவிடும். ஆனால் இந்த உவமையின் உயிர் பாம்பில் இல்லை. ஊர் முழுவதும் ஒரே வேளையில் அண்ணாந்து பார்த்தது என்பதில் இருக்கிறது. கிரகணத்தை நேரில் கண்டவர் யார் என்று வகுப்பில் கேட்டோம். அறுபது பேரில் நான்கு கைகள் உயர்ந்தன. படமாகப் பார்க்காதவர் எவருமில்லை. வெறுங்கண்ணால் அச்சமின்றிக் காணத்தக்க சந்திர கிரகணத்தின்போதும் வீட்டுக்குள்ளேயே இருத்தப்பட்டதாகச் சிலர் கூறினர். கண்டறியாத ஒன்றை உவமையாகக் கற்பிப்பது எங்ஙனம்?

மேகம் வென்ற கதைகளில் பெரிது புதுச்சேரியில் நிகழ்ந்தது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார் வானியலாளர் லெ ஜாந்தி. போரில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட, 1761இல் அசையும் கப்பலிலிருந்து துல்லியமாக அளக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் நாடு திரும்பாமல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, அதுவரை தெளிந்திருந்த புதுச்சேரி வானம் மேகத்தால் மூடிக்கொண்டது.

எனினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. சோழிகளை நகர்த்தியும் மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டும் கிரகணம் கணிக்கும் தமிழர்களின் முறையைக் கற்றுப் பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட மேயரின் அட்டவணையோ 68 வினாடி மிகுந்தது.

காணாமலே கணிக்கலாம் என்றால் காண்பது எதற்கு என்று கேட்கலாம். சோழிக் கணக்கின் எண்கள் தாமாகப் பிறந்தவை அல்ல. எவரோ, பல தலைமுறைகளாக, மேகமுள்ள இரவுகளிலும் விழித்திருந்து பார்த்ததன் எச்சம் அவை.

சந்திர கிரகணம் மேகத்திற்கும் இடம் தரும் தாராளம் உடையது. முழுச் சூரிய கிரகணம் ஓரிடத்தில் எட்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அன்றைய சந்திர கிரகணத்திலோ முழுமறைப்பு மட்டும் 82 நிமிடம். கருநிழல் தொட்டு விலகும்வரை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். ஒரே ஓர் இடைவெளி போதும். ஒன்று மட்டும் நினைவிலிருக்க வேண்டும்: மெல்லிய மேகத்தின் ஊடாகவும் தெரியும் முழுநிலவு, சிவந்தபின் மிகவும் மங்கிவிடும். ஆகையால் எங்கே பார்ப்பது என்பதை முன்னரே குறித்துக்கொள்வது நல்லது.

எங்களுக்கு அந்த இடைவெளி நள்ளிரவுக்குச் சற்று முன் கிடைத்தது. அரை நிமிடம் இருக்கலாம். பழைய செப்புக்காசு போன்ற வட்டம். பூமியின் காற்றுமண்டலம் வளைத்தனுப்பிய செவ்வொளி அது என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அக்கணத்தில் நான்கைந்து இருண்ட மாடிகளிலிருந்து குரல்கள் எழுந்தன. அங்கெல்லாம் ஆட்கள் காத்திருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. பக்கத்து மாடிக்காரர் "அம்மா, சீக்கிரம் மேல வாங்க" என்று படிக்கட்டில் கூவிக்கொண்டிருந்தார். தலைவி சொன்ன ஊர் அதுதான். எந்த நேரலையும் அதைக் காட்டியிருக்காது.

2028 டிசம்பர் 31 இரவு, பத்தரை மணியை ஒட்டி, நம் வானில் சந்திரன் முழுமையாக மறையும். வடகிழக்குப் பருவத்தின் மிச்சமேகம் அன்று இருக்கக்கூடும். இருக்கட்டும். மாடிக்கு ஏறுங்கள்; நாங்களும் பாயோடு ஏறுவோம்.