குதிரை மேலே பந்தடி

சென்ற முறை பனிச் சப்பாத்து வாங்கப்போய்ப் பட்ட பாட்டை எழுதியிருந்தோம். இம்முறை குதிரைக் கதை. வாடகைக்கே வழியில்லை, இவருக்குக் குதிரை வேறையோ என்று சிரிக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைகால ஞாயிறு. அந்தக் கிழமை ஓவர்ரைம் இல்லை. கூட வேலை செய்யும் நண்பர் தனது வானில் எம்மையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ரிச்மண்ட் ஹில்லுக்கு அப்பால் கோர்ம்லிப் பக்கம் போனார். அங்கே போலோ. இருதய நோய் நிதிக்காகப் பல வருடங்கள் நடந்துவந்த சுற்றுப்போட்டி அது.

மைதானம் 300 யார் நீளம். எங்கள் ஊர் உதைபந்தாட்ட மைதானம் ஆறை அதற்குள் வைக்கலாம். பக்கத்துக்கு நான்கு பேர், கையில் பிரம்புக் காம்பு போட்ட நீண்ட சுத்தியல் போல ஒரு மட்டை. இடக்கைக்காரரும் வலது கையால்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் குதிரைகள் நேருக்கு நேர் முட்டிவிடும். ஒவ்வொரு கோலுக்கும் அணிகள் பக்கம் மாறுவதால், யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் எமக்குக் கழுத்து நொந்துவிட்டது. ஒரு சுற்று ஏழு நிமிடம், அதன் பெயர் 'சக்கர்'. எமது சக்கரமும் அதுவும் ஒரே வேரில் வந்த சொற்கள்தான். இடைவேளையில் பார்க்க வந்தவர்களே மைதானத்தில் இறங்கி, குளம்பு கிளப்பிய புல்லை மிதித்துச் சமப்படுத்துவது வழக்கம். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா.

வீடு வந்தபின் இந்த விளையாட்டைப் பற்றி வாசித்தோம். 'ஹை கோல்' என்பது கூடக் கோல் அடிப்பதல்ல. ஒவ்வொரு வீரருக்கும் மைனஸ் 2 முதல் 10 வரை ஒரு தரம் கொடுப்பார்கள். நால்வரின் தரத்தையும் கூட்டினால் அது அணியின் தரம். இங்கிலாந்தின் கோல்ட் கப்பில் அது 22ஐத் தாண்டக்கூடாது. காசு போட்டு அணியை வைத்திருப்பவர் பெரும்பாலும் தானும் ஏறி ஆடுவார், அவருடைய தரம் குறைவு. மிச்ச இடத்துக்கு அவர் தேடுவது யாரைத் தெரியுமோ? இன்னும் தரம் உயராத, ஆனால் நன்றாக ஆடுகிற இளம் பொடியனை. எமது தொழிற்சாலை ஞாபகம் வந்தது. புதிதாக வந்தவனுக்குத் தொடக்கச் சம்பளம், கையில் கொடுப்பது பத்து வருடக்காரனின் வேலை. ஒரு வித்தியாசம், போலோவில் அந்தப் பொடியனின் தரத்தை அடுத்த வருடம் உயர்த்திவிடுவார்கள்.

இப்படி மேலே வந்தவர்களில் ஆர்ஜென்ரீனாவின் 'பொரோத்தோ' கம்பியாசோ ஒருவர். பிறந்தது 2005 டிசம்பரில். 2019இல், 13 வயதில், இங்கிலாந்தின் பெரிய போட்டிகளில் தகப்பன் அடோல்ஃபோ கம்பியாசோவோடு ஒரே அணியில் ஆடினார். இருபது வயதுக்கு முன்பே 10 தரம் எடுத்துவிட்டார். 2021இல் புவனஸ் அயர்ஸ் பலெர்மோ மைதானத்தில் நடந்த ஆர்ஜென்ரீன ஓப்பன் இறுதியில் தகப்பனும் மகனும் சேர்ந்து தோற்றார்கள். தோற்கடித்த லா நத்திவிதாத் அணியில் இருந்த இளம் கஸ்தஞோலா சகோதரர்கள் வேறு யாருமில்லை, தகப்பனின் சகோதரி பெற்ற பிள்ளைகள். எங்கள் கணக்கில் மச்சான்மார். அடுத்த வருடம் தகப்பனும் மகனும் கிண்ணத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

பொடியன் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் நடக்கப் பழகும்போதே வீட்டு வாசலில் குதிரை நின்றது. அதுவும் என்ன குதிரை! குவார்த்தெத்தேரா என்ற தனது பெட்டைக் குதிரையை விஞ்ஞானிகளைக் கொண்டு படியெடுத்து, 2016 இறுதி ஆட்டத்தில் அந்தப் படிகளில் ஆறின் மேல் தகப்பன் மாறி மாறி ஏறி ஆடினார்.

எமது கண் அன்று அதிகம் போனது மைதானத்துக்குப் பின்னாலேதான். குதிரை மாற்றும் இடத்தில் சில பொடியன்கள் கழுவுவதும், சேணம் அவிழ்ப்பதும், வாலைப் பின்னிக் கட்டுவதுமாக ஓடித்திரிந்தார்கள். பேசியது ஸ்பானிய மொழி. ஒருவன் எமது மகனின் கையைப் பிடித்துக் குதிரையின் கழுத்தில் வைத்தான். எமக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு எமது தமிழ் தெரியாது. இருவருடைய ஆங்கிலமும் ஒரே அளவுதான். "லோங் ஷிப்ற்?" என்று கேட்டோம். விளங்கியது, சிரித்தான்.

இது ஆதியில் பணக்காரரின் விளையாட்டு மட்டுமல்ல. இன்றைய போலோ கிளம்பியது மணிப்பூரிலிருந்து. அங்கே அதன் பெயர் சகோல் காங்ஜெய். பக்கத்துக்கு ஏழு பேர், சின்னக் குதிரைகள். சாதாரண ஊர்ச் சனமும் ஆடியது, இம்பாலில் பழைய மைதானம் இன்னும் உண்டு. 1850களில் சில்சார்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் துரைமாரும் படை அதிகாரிகளும் அதைப் பார்த்துப் பழகினார்கள். 1862இல் கல்கத்தாவில் கழகம் அமைத்தார்கள். அங்கிருந்து உலகம் முழுவதும் போயிற்று. 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் அதே மணிப்பூரில் பல்லாயிரம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, நானும் இதை விளையாட ஏலுமோ?"

"பார்ப்பம்" என்றோம். எங்கள் வீட்டில் 'பார்ப்பம்' என்றால் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் சின்னனிலை என்ன விளையாடினீங்கள்?" என்றான். உதைபந்து என்றோம். மைதானத்தில் பங்கர் வெட்டியபின் பந்தைத் தொடவில்லை, அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது என்பதை வானுக்குள் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. "ரீமிலை இருந்தனீங்களோ?" என்றான். இருந்தோம், வலது பக்கம். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும், நண்பர் திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு பேஸ்மென்ரில் ஒரே சத்தம். மகன் சோபாக் கையில் குதிரையேறி, தும்புத்தடியால் ரெனிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். தங்கைக்காரி புல் மிதிக்கிறாளாம், கம்பளத்தில். மேலே வீட்டுக்காரர் காலால் தட்டும் வரை நாம் கோல் காத்தோம்.