விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றால்?

பெருநாள் நெருங்கினால் ஜவுளிக் கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருவது ஃபேன்சி ஸ்டோரில்தான். பெருநாள் முடிந்ததும் அதே கடைக்கு வேறு சிலர் வருகிறார்கள். வாங்கிய லிப்ஸ்டிக்கையும் க்ரீமையும் பிரிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "இதுல பன்றிக் கொழுப்பு இருக்காமே, எடுத்துக்கிட்டுக் காசைக் கொடுங்க" என்று கேட்கும் சகோதரிகள். கடைக்காரர் பில்லின் அடியில் அச்சடித்த வரியைக் காட்டுகிறார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. அதன் பிறகு விஷயம் ஹஜ்ரத்மார்களிடம் வருகிறது.

நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் "இது ஹலாலா, ஹராமா?" என்பது மட்டும்தான். அந்த 400 ரூபாயை யார் இழப்பது என்பதும் மார்க்கக் கேள்விதான். வாங்கியவரின் காசும் ஹலாலான காசு; விற்றவரின் காசும் அப்படியே.

முதலில் பொருளைப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் பல வருடங்களாகச் சுற்றும் பட்டியல்கள், 'இ' என்ற எழுத்தோடு வரும் எண்களெல்லாம் பன்றி என்று பயமுறுத்துகின்றன. இ 100 என்பது நம் வீட்டு மஞ்சளில் இருக்கும் நிறம். செட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பதறுகிறார்கள்; அது போதை தரும் சாராயம் அல்ல, மெழுகு போன்ற ஒரு பொருள். இப்படிப்பட்ட பட்டியலை நம்பி ஒரு வியாபாரியிடம் சண்டைக்குப் போவது அநியாயம்.

ஆனால் சந்தேகம் முழுவதும் வதந்தி என்றும் தள்ளிவிட முடியாது. சோப்பு உறையில் 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தால் அது மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பு; 'சோடியம் பாமேட்' என்றால் பாமாயில். இவை வெளிப்படையானவை. கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் ஆகியவைதான் சிக்கல். தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். உறையில் இருக்கும் பெயர் ஒன்றுதான். சிவப்பு லிப்ஸ்டிக்குகள் பலவற்றில் கார்மைன் என்ற சாயம் சேர்க்கப்படுகிறது. பெரு நாட்டில் கள்ளிச் செடிகளில் வளரும் கொச்சினியல் பூச்சிகளைக் காயவைத்து எடுப்பது அது. உறையில் சி.ஐ. 75470 என்று எழுதுவார்கள். இதைப் படித்துப் பூச்சி என்று புரிந்துகொள்ளும் வாடிக்கையாளர் எத்தனை பேர்?

கார்மைன் விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓடும் இரத்தம் இல்லாத பூச்சி செத்தாலும் நஜீஸ் ஆகாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை, உண்ணத்தான் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில் அதுவும் நஜீஸ்தான். கொழுப்பு சோப்பாக மாறினால் அதன் சட்டமும் மாறும் என்பது ஹனஃபி ஃபத்வா. ஷாஃபிஈ மத்ஹப் அந்த வாசலை மிகக் குறுகலாகவே திறந்து வைத்திருக்கிறது. காயல்பட்டினத்து ஷாஃபிஈ சகோதரிக்கும் வேலூர் ஹனஃபி சகோதரிக்கும் ஒரே லிப்ஸ்டிக் விஷயத்தில் வெவ்வேறு பதில் கிடைக்கலாம். தவிர, லிப்ஸ்டிக் உதட்டோடு நிற்பதில்லை. கொஞ்சம் வயிற்றுக்கும் போகிறது. ஆகவே பேணுதலாக இருக்க நினைப்பவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

இனி திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு வருவோம். மக்கள் மட்டுமல்ல, வியாபாரிகளும் குழம்புவது இங்கேதான்.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்கு ஃபிக்ஹில் 'கியாருல் ஐப்' என்று பெயர். எது குறை? அந்த வகைப் பொருளில் வழக்கமாக இருக்கக் கூடாததும், அதன் மதிப்பையோ வாங்கிய நோக்கத்தையோ கெடுப்பதும்தான் குறை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சந்தையில் கிடைக்கும் சாதாரண சிவப்பு லிப்ஸ்டிக்கில் கார்மைன் இருப்பது குறையாகாது. அது அந்தச் சந்தையின் வழக்கம். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. வாங்கியவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போன பின் மனம் மாறினால் "மார்க்கம் எனக்கு உரிமை தந்திருக்கிறது" என்று மேசையைத் தட்ட முடியாது.

உறையில் பச்சைப் புள்ளியோ, 'வீகன்' என்ற சொல்லோ, ஹலால் முத்திரையோ இருந்து உள்ளே கார்மைன் இருந்தால் கதை வேறு. "இதில் மிருகக் கொழுப்பு எதுவும் இல்லைம்மா" என்று கடைக்காரரே வாய்விட்டுச் சொல்லி, பிறகு டாலோவேட் தெரியவந்தாலும் அப்படித்தான். சொன்ன தன்மை பொருளில் இல்லை. திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. பில்லின் அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் காலத்து ஈரம் பொதிக்குள் இருக்கிறது.

ஒரு நிபந்தனை. குறை தெரிந்த பிறகு பொருளைப் பயன்படுத்தினால் உரிமை போய்விடும். தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். இரண்டு வாரம் பூசிப் பார்த்துவிட்டு, நிறம் பிடிக்காததால் 'ஹராமாமே' என்று கொண்டுவருவது மார்க்கத்தைப் பொய்க்குத் துணையாக இழுப்பது. இதுவும் நடக்கிறது. சீல் உடைத்த லிப்ஸ்டிக்கைக் கடைக்காரர் வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் போகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டாலும் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. பில்லும் பிரிக்காத பொதியும் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வெறும் மனமாற்றத்துக்கு இந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அப்படியென்றால் மறைக்கப்படாத பொருளைச் சந்தேகத்தோடு கொண்டுவரும் சகோதரியைக் கடைக்காரர் விரட்டிவிடலாமா? உரிமை இல்லாத இடத்தில்தான் 'இகாலா' வருகிறது. முடிந்துபோன வியாபாரத்தை, வாங்கியவர் வருந்திக் கேட்கும்போது விற்றவர் மனமொப்பி ரத்து செய்வது. அப்படிச் செய்பவரின் சறுக்கல்களை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பதாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் ஹதீஸ் வருகிறது. சீல் உடையாத பொதியைத் திரும்ப எடுத்தால் கடைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மறுநாளே அது விற்றுவிடும். ஆனாலும் நம் ஊர்களில் கல்லாவுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி மாட்டியிருக்கும் கடைகளிலும் பில்லின் அடியில் அந்த வரி இருக்கிறது.

வாங்குபவருக்கும் ஒரு வழி இருக்கிறது. வாங்கும்போதே "மூன்று நாளுக்குள் விசாரித்துவிட்டு, வேண்டாம் என்றால் திருப்பித் தருவேன்" என்று பேசிக்கொள்வது. இது 'கியாருஷ் ஷர்த்'. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் செல்லும். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளில் உறையிலுள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, கிளிசரின் தாவரத்தினுடையதா என்று எழுதிக் கேட்கலாம்.

இவ்வளவு தூரம் பேசினாலும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் மோதிக்கொள்வது தப்பான இடத்தில்தான். உள்ளே இருப்பது என்னவென்று இருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் உற்பத்தியாளர் மட்டுமே. அவரைச் சொல்லவைக்கச் சட்டம் தயங்குகிறது. உணவுப் பொதியில் பச்சை, பழுப்புக் குறி கட்டாயம். அழகு சாதனத்தில் அதை விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவில் 2021-இல் மத்திய அரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுரை சொன்னதோடு சரி. சேர்மானப் பட்டியலிலும் ஒரு விலக்கு உண்டு: 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொருளுக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் உறையில் பட்டியல் போட வேண்டியதில்லை. ஒரு லிப்ஸ்டிக்கின் எடை நான்கு கிராம் அளவுதான். வாய்க்குள் போகிற பொருளுக்கே அந்தச் சலுகை!

மறுபக்கம், சொல்ல முன்வருபவர்களையும் விடுவதில்லை. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருட்களைத் தடை செய்தபோது, மருந்து மற்றும் அழகு சாதனச் சட்டங்களில் ஹலால் முத்திரைக்கு இடமே இல்லை என்றும் வாதிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இந்தோனேசியாவோ 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி, 2026 அக்டோபர் 17 முதல் அழகு சாதனங்களுக்கும் ஹலால் சான்றைக் கட்டாயமாக்கும் கால அட்டவணையை வகுத்தது. அங்கே விற்க நினைக்கும் நிறுவனம் ஒவ்வொரு சேர்மானத்தின் மூலத்தையும் காகிதத்தில் காட்டியாக வேண்டும். ஜகார்த்தாவுக்குக் காட்ட முடிந்ததை இங்கேயும் காட்ட முடியும்.

இதில் நாம் தனியாகவும் இல்லை. பொருட்களின் மூலம் தாவரமா விலங்கா என்று சொல்லியாக வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது ராம் கௌ ரக்ஷா தள் என்ற பசுப் பாதுகாப்பு அமைப்பு! 2021 டிசம்பரில் நீதிமன்றம், உண்பது என்னவென்று அறிவது மக்களின் உரிமை என்று கூறி, உணவுப் பொருட்களின் ஒவ்வொரு சேர்மானத்தின் மூலத்தையும் வெளியிடச் சொன்னது. சமணர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இருக்கும் அதே கவலைதான் நமக்கும். நம் ஜமாஅத்துகளும் உலமா சபைகளும் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு எழுதுவதென்றால் கேட்க இரண்டே விஷயம்தான்: உதட்டில் பூசும் பொருட்களுக்கு அந்த 30 கிராம் விலக்கை நீக்குங்கள், கிளிசரினுக்கும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் பக்கத்தில் 'தாவரம்' அல்லது 'விலங்கு' என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லுங்கள்.