கடைசி வரிசையும் கேள்விக் கணையும்

"கடைசி வரிசை உறுப்பினர் டில்லியில் என்ன சாதித்துவிட முடியும்?" என்று கேலி பேசுகிறார்கள் சிலர். தோழர்களே! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவிகித வரி விதித்ததே, அந்தக் கையெழுத்து ராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளியின் ஷிப்டை அசைக்குமா, அசைக்காதா? போர்முனையில் வீரனின் காயத்தைக் கட்டுவது எது? பேண்டேஜ் துணி! பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகள் நெய்வதும் அதுவே. வெளிநாட்டு விவகாரம் வேறு, பாதுகாப்பு வேறு, ஊர்ப் பிரச்சினை வேறு என்று பிரிப்பவர் தறியைப் பார்த்ததில்லை.

1952-ல் காமராசரை மக்களவைக்கு அனுப்பியது திருவில்லிபுத்தூர். இன்று அவ்வூரும் ராஜபாளையமும் தென்காசித் தொகுதியில். 2019-ல் தனுஷ் குமாரையும் 2024-ல் ராணி ஸ்ரீகுமாரையும் அனுப்பினோம். அமைச்சர் பதவி இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உண்டு! மக்களவையில் நாளொன்றுக்கு 20 கேள்விகள் வாய்மொழி விடைக்கு, 230 வரை எழுத்து விடைக்கு. அதற்கான குலுக்கல் முன்வரிசை, பின்வரிசை பார்ப்பதில்லை. அமைச்சர் தந்த விடை அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி வானத்திலிருந்து விழுமா? பஞ்சு என்ன விலை, எத்தனை ஷிப்ட் நின்றது, எத்தனை தறி ஓய்ந்தது என்று கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டியவர் யார்? நீங்கள்! ஓட்டுப் போட்டதோடு கடமை முடிந்ததென்று ஒதுங்கினால், குற்றம் கடைசி வரிசையில் இல்லை, நம்மிடம்!